கழுத்துல ஒரு கிலோ பருப்பு

எய்யா, கேமரா வாங்கப் போறியாம்லா. சந்தோசம். எந்தக் கேமரான்னு கேட்டா, “அதுலதான் தாத்தா குழப்பம்”ங்க. பழைய டிஎஸ்எல்ஆரா, பெரிய சென்சார் வச்ச குட்டிக் கேமராவான்னு ராத்திரி முழுக்கப் போனை உருட்டிக்கிட்டுக் கெடக்க. பொண்ணு பாக்கப் போனவன்கூட தட்டுல வச்ச கேசரி தீருறதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிருதான். உனக்கு ஒரு பொட்டி வாங்க முகூர்த்தம் அமைய மாட்டேங்கு.

சரி, என்னத்தப் போட்டோ புடிக்கப் போற? அதச் சொல்லு மொதல்ல.

முழிக்க, பாத்தியா? என்ன எடுக்கணும்னு தெரியாதவனுக்குத்தான் எதால எடுக்கணும்ங்கிற கவலை பெருசா இருக்கும். நான் ஸ்டூடியோவுல நின்ன காலத்துல யாஷிகா பொட்டி. மேல இருந்து குனிஞ்சு பாக்கணும். 120 ரோலு ஒண்ணப் போட்டா 12 படம், அவ்வளவுதான். ரெண்டு மூணு ரோலுக்குள்ள மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, தாய்மாமன் மாலை, பந்தி, குரூப் போட்டோன்னு ஒரு கல்யாணமே அடங்கிரும். கேமரா பழசுன்னு எந்த மாப்பிள்ளையும் தாலியக் கீழ வைக்கல. நீ இப்பம் வீட்டுப் பூனைக்கு ஒரே மூச்சுல 40 படம் எடுக்க. அதுல ஒண்ணையாவது யாருக்கும் காட்டியிருக்கியா?

போவட்டும். உன் கேள்விக்கே வாரேன். பொத்தாம் பொதுவாப் பேசுனா ஒண்ணும் வெளங்காது, பேரச் சொல்லியே பேசுவோம். உன் கூட்டாளி விக்கேன்னு சொல்லுதானே, அது நிக்கான் டி90. 2008-ல வந்தது. 12.3 மெகாபிக்சல். வீடியோவும் எடுக்கும்னு வந்த மொத டிஎஸ்எல்ஆர் அதுதான். இந்தப் பக்கம் நீ கண்ணு வச்சிருக்கது சோனி ஆர்எக்ஸ்100. 2012-ல வந்தது. 20 மெகாபிக்சல். சட்டைப்பையில போட்டுக்கிடலாம்.

“12 மெகாபிக்சல் பத்துமா தாத்தா?” இதான உன் மொதக் கேள்வி? ஏலே, கணக்குப் போட்டுப் பாரு. டி90 எடுக்கிற படம் 4288-க்கு 2848 புள்ளி. இஞ்சுக்கு 300 புள்ளின்னு பிரிண்டு போட்டா, நீளம் 14 இஞ்சு, அகலம் 9 இஞ்சுக்கு மேல வரும். நடு வீட்டுச் சுவத்துல சட்டம் போட்டு மாட்டுறதுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? அதுவும் நீயாவது பிரிண்டு போடுறதாவது. வாட்ஸ்அப்புல அனுப்பப் போற. அது போட்டுப் பிழியுற பிழியில 12-ம் ஒண்ணுதான், 40-ம் ஒண்ணுதான்.

அடுத்தது சென்சார். இதுல மட்டும் கொஞ்சம் நின்னு பேசுவோம். இதுலதான் உன்ன ஏமாத்துதானுவ, நீயும் சந்தோசமா ஏமாறுத.

குட்டிக் கேமரா அட்டையில ‘ஒரு இஞ்ச் சென்சார்’னு போட்டிருக்கும். ஸ்கேலை வச்சு அளந்தா அகலம் 13.2 மில்லிமீட்டர், உயரம் 8.8. இஞ்சுன்னா 25.4 மில்லிமீட்டர்னு பள்ளிக்கூடத்துப் பிள்ள சொல்லும். பழைய டிவி கேமராவுல இருந்த கண்ணாடிக் குழாய்க் கணக்க இன்னும் விடாமப் புடிச்சிக்கிட்டு இருக்கானுவ. டி90-குள்ள இருக்கது 23.6-க்கு 15.8. பரப்பப் பெருக்கிப் பாரு, மூணு பங்குக்கு மேல வருது. சென்சார் பெருசானா இருட்டுல எடுக்கிற படம் புள்ளி புள்ளியாப் பொரியாது. அது நெசந்தான், நான் இல்லேங்கல.

“அப்பம் டி90தான் ஜெயிச்சிட்டு”ன்னு துள்ளாத. முன்னால லென்ஸ்னு ஒண்ணு நிக்குல்லா? டி90 கூடவே சேத்து வித்தது 18-105 லென்ஸ். அத எம்புட்டு அகலமாத் தொறந்தாலும் எஃப் 3.5 தான். ஆர்எக்ஸ்100-ஐ சூம் பண்ணாம எடுத்தா எஃப் 1.8. நம்பரு கொறஞ்சா தொறப்பு பெருசு, இத மறந்துராத. அந்த வித்தியாசத்துல கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வருது. அங்கன மூணு மடங்கு சென்சார், இங்கன நாலு மடங்கு வெளிச்சம். எங்கலே போச்சு உன் பெரிய சென்சாரு? கழுத்து வலிதான் மிச்சம்.

அதுக்காகக் குட்டிக்காரனும் ரொம்ப ஆடப்பிடாது. தள்ளி நிக்கிற ஆளை சூம் போட்டு இழுத்தா அதோட தொறப்பு எஃப் 4.9-க்குச் சுருங்கிப் போவும். அங்க டி90 ஜெயிச்சிரும். இன்னொண்ணு கேளு. டி90-ல அந்த 18-105-ஐக் கழட்டி வச்சிட்டு, பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ண மாட்டு. சூம் கெடையாது, பகட்டு கெடையாது, சல்லிசாக் கெடைக்கும். சாயங்காலம் ஒத்த பல்பு வெளிச்சத்துல ஆச்சி முறுக்குச் சுத்துதால்லா, கிட்டப் போயி அவ கையை எடு. மாவு ஒட்டின விரலும், விரலுல இருக்க சுருக்கமும் கணக்காத் தெரியும். பின்னால எண்ணெய்ப் பிசுக்குப் புடிச்ச அடுப்பங்கரைச் சுவரு கரைஞ்சு காணாமப் போயிரும். அந்த வித்தை ஆர்எக்ஸ்100-க்கு வராது. உன் வயசுப் பயலுவ ‘பொக்கே, பொக்கே’ன்னு உருகுதீங்களே, அது லென்ஸு செய்யுற வேலை. லென்ஸுக்குக் காசு வைக்காம பாடிக்கு மட்டும் காசைக் கொட்டுதவன், கூட வந்த லென்ஸ வச்சே காலத்த ஓட்டிட்டு, “கேமரா சரியில்ல”ம்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. லென்ஸ் திருகுற மோட்டார் டி90-குள்ளயே இருக்கதால அந்தப் பழைய 50 அதுல தானா ஃபோகஸ் ஆவும். டி40, டி3000, டி5000 பொட்டியில அந்த மோட்டார் கெடையாது. கையாலதான் திருகணும். விலை கம்மின்னு அதுல ஒண்ண வாங்கிட்டு வந்து, லென்ஸு ரிப்பேர்னு கடை கடையா ஏறி இறங்கின பயலுவ உண்டு.

இனி எடையப் பேசுவோம். டி90 பாட்டரியோட 700 கிராம் வரும். லென்ஸ் 420. ரெண்டுஞ் சேந்தா ஒரு கிலோவுக்கு மேல. ஆர்எக்ஸ்100 வெறும் 240. இதுக்கு எந்த யூடியூப்பும் வேண்டாம். கடைக்குப் போயி ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட் வாங்கு. கயித்தக் கட்டிக் கழுத்துல மாட்டு. திருநெல்வேலியில ஆனித் தேரோட்டம் வருதுல்லா, அன்னைக்கு நாலு ரத வீதியும் சுத்து. தேரு நிலைக்கு வாரது வரைக்கும் கழட்டாம இருந்தியானா, நீ டிஎஸ்எல்ஆர் வாங்கத் தகுதியான ஆளுதான். பாதி வீதியிலயே, “அண்ணாச்சி, இத கொஞ்சம் வச்சிருங்க”ன்னு பலசரக்குக் கடையில குடுத்துட்டுப் போனியானா, கேமராவும் ரெண்டே மாசத்துல பீரோவுக்குத்தான் போவும். பருப்பாவது சாம்பாருக்கு ஆவும்.

தேருன்னதும் வெயிலு ஞாவகத்துக்கு வருது. ஆர்எக்ஸ்100-ல மொத மாடல்லயும் ரெண்டாவது மாடல்லயும் கண்ணு வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் கெடையாது. பின்னால இருக்க திரையப் பாத்துத்தான் எடுக்கணும். உச்சி வெயில்ல அந்தத் திரையில தேரும் தெரியாது, வடமும் தெரியாது. உன் மூஞ்சிதான் தெரியும். 2014-ல வந்த மூணாவது மாடல்லதான் ஒரு குட்டி வியூஃபைண்டர் மேல எம்பி வருது. டிஎஸ்எல்ஆர்ல அந்தத் தொல்லையே இல்ல. உள்ள இருக்க கண்ணாடி காட்டுறது அசல் தேர, அசல் வெயில. பாட்டரியும் அதுக்குச் செலவாவாது. ஒரு சார்ஜுக்கு டி90 850 படம், ஆர்எக்ஸ்100 330 படம்னு கம்பெனிக்காரன் கணக்கு. ஓடுற மாடு, பறக்குற கொக்கு, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் இதெல்லாம் எடுக்கிறவனுக்கு டி90-தான் ஒத்து வரும்.

ஆனா தெருவுக்குள்ள வா, கதை மாறிரும். டீக்கடை பெஞ்சுல ஒரு பெரியவரு கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, வாயக் குவிச்சு ஆத்திக்கிட்டு இருக்காரு. நல்ல படம். நீ அந்தப் பெரிய பொட்டியத் தூக்குத. அவ்வளவுதான், கிளாஸக் கீழ வச்சாச்சு, துண்ட உதறித் தோள்ல போட்டாச்சு, மீசையத் தடவியாச்சு. முதுக நிமித்தி உக்காந்துக்கிட்டு, “எந்தப் பேப்பர்ல வரும் தம்பி?”ங்காரு. நீ எடுக்க வந்த மூஞ்சி போயே போச்சு. கண்ணாடி அடிக்கிற ‘டபக்’ சத்தத்துல பக்கத்துல படுத்திருந்த நாயும் எந்திரிச்சுப் போயிரும். குட்டிப் பொட்டிய எவனும் மதிக்க மாட்டான். மதிக்காத எடத்துலதான் நல்ல படம் கெடைக்கும். கல்யாண வீட்டுக்கு அதக் கொண்டு போயி ‘நாந்தான் போட்டோகிராபர்’னு மட்டும் சொல்லிராத, கடைசிப் பந்தியிலகூட எலை போட மாட்டாங்க.

இந்தக் குட்டிப் பொட்டியிலயும் ஜாதகம் ஒசந்த ஆளுங்க உண்டு. ரிக்கோ ஜிஆர்னு 2013-ல ஒண்ணு வந்தது. 245 கிராம்தான், உள்ள இருக்கது டி90 சைஸ் சென்சாரு. ஆனா சூம் சுத்தமாக் கெடையாது. ஒரே பார்வைதான். கிட்ட வேணும்னா எந்திரிச்சுப் போவணும். போவ மாட்டேன், உக்காந்த எடத்துலயே எடுப்பேன்ங்கிறவன் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

அப்புறம் ஃப்யூஜி எக்ஸ்100 வகையறா. அதுவும் அதே சைஸ் சென்சார்தான், எங்க காலத்துக் கேமரா வேசம் போட்டு வரும். 2020-ல வந்த எக்ஸ்100வி-யை ரீல்ஸ்ல காட்டிக் காட்டியே கடையில ஸ்டாக் இல்லாமப் பண்ணிட்டானுவ. செகண்ட்ஹேண்ட அசல் விலைக்கு மேல வித்தாங்க, வாங்கவும் வாங்கினாங்க. புதுசுக்குப் பழைய வேசம் போட்டா அம்புட்டு மவுசு. எம்பரண்ல வேசம் போடாத பழைய கேமரா ஒண்ணு கெடக்கு, அத ஒரு பயலும் கேட்டு வரல. நல்ல கேமரா இல்லேன்னு சொல்லல எய்யா. “அழகா இருக்கு, அதான் வாங்குதேன்”னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். ‘கலர் சயின்ஸ்’னு எங்கிட்ட வந்து அளக்காத.

“டிஎஸ்எல்ஆர் செத்துப் போச்சாமே தாத்தா?” அதுவும் எவனோ வீடியோவுல சொல்லியிருப்பான். கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3-ம் நிக்கான் டி6-ம் 2020-ல வந்துச்சு. அதோட அந்தக் கம்பெனிக ரெண்டும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போயிட்டாங்க. வாஸ்தவந்தான். அதுக்காக உன் கூட்டாளி வச்சிருக்க டி90 படம் எடுக்க மாட்டேன்னு சொல்லிச்சா? எல்லாவனும் வித்துத் தள்ளுததாலதான் உங்கைக்கு எட்டுற விலைக்கு வந்திருக்கு. டி90-ல லென்ஸ் மாட்டுற மவுண்ட நிக்கான் 1959-ல இருந்து வச்சிருக்கான். பழைய லென்ஸுக்கு ஊருல பஞ்சமே கெடையாது.

பழசு வாங்கப் போறவன் வெறுங்கையோட போவாத, ஒரு டார்ச் கொண்டு போ. லென்ஸ் வழியா வெளிச்சம் அடிச்சு அடுத்த பக்கம் இருந்து பாரு. உள்ள வெள்ளையா நூலு நூலா ஓடிக் கெடந்தா அது பூசணம். நம்ம கடலோரத்து ஈரக்காத்துக்குப் பீரோவுல பூட்டி வச்ச லென்ஸு எல்லாம் அப்பிடித்தான் ஆவும். விலையக் கொறைக்கேன்னு சொன்னாலும் வாங்காத. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளு. புதுசா ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டா எண்ணிக்கை தெரிஞ்சிரும். டி90 ஷட்டரை ஒரு லட்சம் தடவை அடிச்சுச் சோதிச்சதா நிக்கான் சொல்லுது. கல்யாணக் கேமராக்காரன் கையில இருந்த பொட்டின்னா ஓட்டம் கூடுதலாத்தான் இருக்கும். மெமரி கார்டு 32 ஜிபியோட நிறுத்திக்கோ, அதுக்கு மேல போனா டி90-க்குச் செமிக்காது.

குட்டிக் கேமராவ ஏழெட்டுத் தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணு. லென்ஸு வெளிய வந்து உள்ள போவும்போது ‘கரகர’ன்னா விட்டுரு. அந்தக் குழலு நீளும்போது தூசிய உள்ள இழுக்கும், சென்சார் மேல கொண்டு போயி ஒட்டும். டிஎஸ்எல்ஆர்னா லென்ஸக் கழட்டி, ரப்பர் புளோயரால நீயே ஊதிக்கிடலாம். வாயால ஊதிராத, எச்சி தெறிக்கும். குட்டிக்கு அந்த வசதி இல்ல, முழுசாப் பிரிச்சுத்தான் தொடைக்கணும். வெள்ளைத் தாளையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பாரு, கறுப்புப் பொட்டு இருந்தா அங்கனயே தெரிஞ்சிரும்.

“தீர்ப்பச் சொல்லும் தாத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு”ங்க. சரி, உன் போனை இங்க குடு. போன வருசம் எடுத்ததெல்லாம் இதுல கெடக்குல்லா, தள்ளித் தள்ளிப் பாப்போம். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, மழைக்கு ஒதுங்கின ஆடு, தங்கச்சி மக சிரிக்கிறது, திரும்பவும் டீக்கடை. மேடை இல்ல, மாடு இல்ல, கொக்கு இல்ல. நீ பை தூக்குற பயலும் இல்ல, சைக்கிள்ல போறப்ப குடைகூட எடுக்க மாட்ட. உனக்கு ஆர்எக்ஸ்100 மூணாவது மாடலு. மொத மாடலு வேண்டாம், நம்மூரு வெயிலுக்கு வியூஃபைண்டர் இல்லாம முடியாது. மூணாவதுல சூம் கொஞ்சம் கொறவு, ஆனா முழுக்க இழுத்தாலும் எஃப் 2.8-க்குக் கீழ தொறப்பு சுருங்காது. எடை 290 கிராம். டி90 உன் கூட்டாளிகிட்டயே இருக்கட்டும். அவன் தம்பி கல்யாணத்துக்கு ஒரு 50 லென்ஸு மட்டும் வாங்கச் சொல்லு. நீ வீட்டுக்குப் போயி இன்னொரு வீடியோவத் தொறந்து பாக்காம, நாளைக்கே போயி வாங்கிரு.