பெஞ்சுக்குக் குடை பிடிப்பது எப்படி?

ஜமுனாமரத்தூருக்குக் கோடை விழா பார்க்கப் போனீர்கள். திரும்பும் வழியில் ஒரு மலைக்கிராமத்து முனையில் போளூர் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றீர்கள். மழை பிடித்துக்கொண்டது. கால் கடுத்தது. அந்த இடத்திலேயே உங்களுக்குள் ஒரு வள்ளல் முளைத்துவிட்டார்: ‘இங்கே கூரை போட்ட ஒரு மரப் பெஞ்சு இருந்தால்!’ நல்லது, போட்டுவிடலாம். நான் இதே மலையில் ஒரு பெஞ்சு போட்டு, மூன்றே மழைக்காலத்தில் அது உளுத்து மண்ணாவதைக் கண்ணால் பார்த்தவன். யோசனை சொல்ல அந்தத் தகுதி போதாதா?

முதல் வேலை, பெயர். மரம் வாங்குவதற்கு முன்பே ‘உபயம்’ எழுதப் பெயிண்டரைப் பிடியுங்கள். சாய்மானத்தில் எழுதினால் சாய்கிறவர் முதுகு மறைக்கும். உட்காரும் பலகையில் எழுதினால், வேண்டாம், விட்டுவிடுவோம். எங்கே எழுதுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மொத்த பெஞ்சும் அதில்தான் நிற்கிறது.

அடுத்தது மரம். ஜவ்வாது மலை என்றதும் சந்தனம் என்று ஆரம்பிக்காதீர்கள். பட்டா நிலத்தில் நிற்கிற சந்தன மரமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் அதில் கோடாலி படக் கூடாது. செம்மரம் பற்றி இந்த மலையில் வாயே திறக்காதீர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை.

வேங்கை நல்ல வைரம் பாய்ந்த மரம். ஆனால் நனைந்தால் சாயம் விடும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழுப்பாக எடுத்துக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வைத்தியம் உங்கள் வெள்ளை வேட்டிக்கும் நடக்கும். புளியங்கட்டையின் வைரத்தைக் கேட்டால் ஆசாரி சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். பாதி நாள் உளி தீட்டுவதிலேயே கழியும், கூலி முழுசாக வரும். யூகலிப்டஸ் மலிவு. காலையில் நேராக இருக்கும் பலகை, ஈரம் காயக் காய முறுக்கிக்கொண்டு எழும். பலா? மலை முழுக்க நிற்கிறது, மஞ்சள் மஞ்சளாக அழகான மரம். நானும் ஆசைப்பட்டுப் பக்கத்துக் கொல்லைப் பெரியவரிடம் கேட்டேன். “பெஞ்சிக்கோசரம் பலாவ வெட்டிட்டு, அதுல குந்திக்கினு என்னத்த சார் தின்னுவ?” என்றார். பதில் இருந்தால் சொல்லுங்கள்.

மூங்கிலுக்கு மட்டும் அவரிடம் நீண்ட பாடம் கிடைத்தது. தேய்பிறையில் வெட்டு, சில வாரம் குட்டைத் தண்ணீரில் ஊறப்போடு, அப்புறம் நிழலில் காயவை. மூங்கிலுக்குள் இருக்கும் மாவும் இனிப்பும்தான் வண்டுக்குச் சோறு. அது தண்ணீரில் கரைந்து போனால் வண்டு வேறு வீடு பார்க்கும்.

உண்மையான யோசனை வேண்டுமென்றால் இதுதான்: கீழே இறங்கி, பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடைக்குப் போங்கள். ஐம்பது வருஷம் யாரோ ஒருவர் தலைக்கு மேல் காய்ந்த தேக்குச் சட்டம் இனி முறுக்கவும் செய்யாது, வெடிக்கவும் செய்யாது. நான் இதைச் செய்யவில்லை. அறுத்த பச்சைப் பலகையை அப்படியே வாங்கிப் பணத்தையெல்லாம் அதில் கொட்டினேன்.

அளவு சுலபம். உட்காரும் உயரம் ஒன்றரை அடி, அகலமும் ஏறத்தாழ அதே. பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குலச் சந்து விடுங்கள், தண்ணீர் நிற்காது. சாய்மானம் சற்றுப் பின்னால் சரியட்டும். தொண்ணூறு டிகிரிச் சாய்மானம் பள்ளிக்கூடத்துத் தண்டனைக்கு ஆகும்.

காலை மண்ணில் புதைக்காதீர்கள். குழி தோண்டிக் கம்பத்தைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றினேன், கிண்ணம் மாதிரி. அந்தக் கிண்ணத்தில் மழைத்தண்ணீர் தேங்கியது. கரையானுக்கு நானே பந்தி விரித்து, குடிக்கத் தண்ணீரும் வைத்த கதை. கருங்கல் ஒன்றை நட்டு, அதன் மேல் கம்பத்தை நிறுத்தி, இரும்புப் பட்டையால் பிடியுங்கள். வெட்டுவாய்தான் மரம் தண்ணீர் குடிக்கிற வாய். அங்கே பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை இரண்டு கை பூசுங்கள். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் வெந்துவிடும்.

இனி கூரை. இங்கேதான் எல்லா வள்ளல்களும் மிச்சம் பிடிக்கிறார்கள். என் பெஞ்சுக்கு மேலே ஒரு தகரம், ஆறு அங்குல நீட்டல். மேலிருந்து பார்த்தால் கூரை, கீழிருந்து பார்த்தால் தொப்பி. மழை நேராக விழுவதாக நினைத்துக்கொண்டேன். இந்த மலைக்குத் தென்மேற்கும் வரும், வடகிழக்கும் வரும், இரண்டும் சாய்ந்துதான் வரும். ஏழடி உயரத்தில் கூரை விளிம்பு, ஒன்றரை அடியில் பலகை. மழை 45 டிகிரியில் அடித்தால் பலகை நனையாமல் இருக்க ஐந்தரை அடி நீட்டல் வேண்டும். அவ்வளவு நீட்டினால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூர் போய்விடும்.

விடை பெரியவர் வீட்டு வாசலிலேயே இருந்தது. அவருடைய புல்கூரை இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். பணிவுக்காக என்று நான் நினைத்திருந்தேன், சாரலுக்காக. அதனால் பின்பக்கம் கூரையை நாலடிக்கு இறக்குங்கள், முன்பக்கம் இரண்டடி நீட்டுங்கள். மங்களூர் ஓடு போட்டால் சரிவு 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஓடு கனமானது, கம்பம் நாலுக்கு நாலு அங்குலமாவது இருக்கட்டும். குரங்கு வந்து ஓட்டைப் பிரித்துப் பார்க்கும், கம்பியால் கட்டிவிடுங்கள்.

பக்கத்துக் காவலூரில் 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் கூரை உண்டு. அவர்களுடைய கவலை அதைத் திறப்பது, நம்முடையது மூடுவது. மூடுவதில் இந்த மலையின் மூத்த வல்லுநர்கள் வேறு ஆட்கள். வாலியர் வீடுகள் என்று மலைக்காரர்கள் சொல்லும் கற்திட்டைகளைப் போய்ப் பாருங்கள். சுற்றி நிறுத்திய பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஆணி இல்லை, கரையான் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் பலவற்றில் மூடுகல் இறங்கவில்லை. அது செத்தவர்களுக்குக் கட்டியது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு அல்ல என்பது ஒன்றுதான் குறை.

பெயர் விஷயம். கூரையின் முன் நெற்றியில் எழுதுங்கள். எழுத்து நனைந்து அழியக் கூடாதே என்று கூரையை இன்னும் ஓரடி நீட்டுவீர்கள். மனுஷனுக்காக நீட்டாத வள்ளல் கூட எழுத்துக்காக நீட்டுவார்.

என்னுடைய இரண்டாவது பெஞ்சு அப்படித்தான் நிற்கிறது. போன ஐப்பசியில் பெரியவர் அதில் உட்கார்ந்திருந்தார், பலகைக்கு அடியில் அவருடைய இரண்டு ஆடுகள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் எழுந்தேன், அவர் எழவில்லை. “நீ போ சார், நான் பஸ்ஸுக்கு வரல” என்றார்.