வக்கீல் வைக்காதவர்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் வராந்தாவில், கறுப்புக் கோட்டு அணியாமலும் கோட்டு அணிந்தவர்களைவிடத் தடித்த காகிதக் கட்டோடும் அமர்ந்திருப்பவர், வழக்கை நடத்தும் அதிகாரத்தை வழக்குரைஞருக்கு எழுதிக்கொடுக்கும் வக்காலத்து என்னும் பத்திரத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதவர் ஆவார். 1986-இல் இயற்றப்பட்டு, பின்னர் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சாமானியர் வக்கீல் துணையின்றியே நியாயம் பெறட்டும் என்று வழியை எளிதாக்கியது. அவ்வாறு எளிதாக்கியதில் சாமானியரே வக்கீலாகிவிடுவார் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். அதிலும் தணிக்கைப் பிரிவில் பணியாற்றியவராயின், எதிர்தரப்பினர் எனப்படும், புகாருக்கு உள்ளான கடைக்காரருக்கு அப்போது கிரகநிலை சரியில்லை என்றே கொள்ள வேண்டும். கடையின் பெயரையே பெரிதாக அச்சிட்ட பைக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள் என்பதே வழக்கின் மூலம். பிறர் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கும் அப்பணத்தை இவர் முகமலர்ச்சியோடு கொடுத்து, ரசீதில் பையின் விலை தனி வரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்து, கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் வீடு சேருமுன்பே அதற்கு மூன்று நகல்கள் எடுத்துவிடுகிறார். “பத்து ரூபாய்தானே, நான் தர்றேன், விட்டுடுங்கப்பா” என்னும் மகனுக்கு, அவன் இவ்வழக்கில் அவசியமான தரப்பினன் அல்லன் என்பது பொறுமையாக விளக்கப்படுகிறது.

பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்துவிடும் இவர், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட இடந்தரும் 34-ஆம் பிரிவையும், இரண்டாண்டுக் காலவரம்பைக் கூறும் 69-ஆம் பிரிவையும் உட்பிரிவுகளோடு ஒப்பிப்பார். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை என்னும் விதியோ இவருக்கு வேதம். எனவே பத்து ரூபாயைத் திருப்பித் தருவதோடு மன உளைச்சலுக்காக இரண்டு லட்சமும் கேட்கிறார். மன உளைச்சல் என்பது சேவைக் குறைபாட்டால் நுகர்வோர் பட்ட துன்பத்தைப் பணமாக மதிப்பிடும் தலைப்பு; ஆனால் பணி ஓய்வுக்குப் பின் இவர் இவ்வளவு உற்சாகமாக இருந்ததே இல்லை என்பதற்கு வீட்டார் அனைவரும் சாட்சி.

இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எனினும் பைக்குத் தனியே காசு வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2020-இல் தேசிய ஆணையம் கண்டதற்குப் பின்னால், சில ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த இத்தகையோரே இருந்தனர். அத்தீர்ப்பின் நகலை மூவண்ண அடிக்கோடுகளுடன் வைத்திருக்கும் இவர், தாமே அதை எழுதியதுபோல் மேற்கோள் காட்டுவது வேறு விஷயம்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் கொண்டே முடிவு செய்யப்படுவதால் வாயால் பேசுவதற்கு அதிக வேலையில்லை என்பதே இவருக்குச் சட்டத்தின்மீதுள்ள ஒரே வருத்தம். விசாரணையை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கும் வாய்தாவை எதிர்தரப்பின் இளம் வக்கீல் கேட்கும்போது, மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை எழுந்து நின்று நினைவூட்டுவார். அடுத்த முறை, நாற்பது பக்க எழுத்துவாதத்தில் இன்னும் ஒரு பக்கம் சேர்க்க வேண்டியிருப்பதால் வாய்தா கேட்பவரும் இவரே. இடைவேளையில் அதே இளம் வக்கீலுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, எதிர்வாதத்தில் அவர் கோட்டைவிட்ட இடங்களை எடுத்துச் சொல்வதும் உண்டு.

பத்து ரூபாயோடு மன உளைச்சலுக்கும் செலவுக்குமாகச் சில ஆயிரங்களைக் கொடுக்கும்படி உத்தரவு வரும் நாளில் இவர் முகம் சற்றே வாடுகிறது. தொகை குறைந்ததனால் அன்று, அடுத்த விசாரணைத் தேதி இல்லாததனால். இந்நிலையில், நாற்பத்தைந்து நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்னும் விதியைப் பயன்படுத்தி, உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுக் கடைக்காரர் சென்னைக்குப் போகிறார். அந்த அறிவிப்பு வீடு வந்து சேர்ந்ததும் இவர் முதலில் செய்வது மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை கிடைக்குமா என்று ரயில் முன்பதிவில் பார்ப்பதுதான்.