ஒரு ஜோடி முழங்காலின் சார்பாக

மூட்டு மாத்திரைக் கம்பெனி நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

நாகப்பட்டினத்திலிருந்து, ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர், வயது 68, எழுதிக்கொள்வது. நான் நலம். என் முழங்கால்கள் நலமில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ‘தேய்மானம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மீதியைத் தங்கள் டப்பா சொன்னது.

டப்பாவின் முகப்பில் ஓர் அம்மாள் மாடிப்படி ஏறுகிறார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் கைப்பிடியைத் தொடவில்லை. அவரை நம்பித்தான் 1,150 ரூபாய் எண்ணி வைத்தேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பின்பக்கம் ஆங்கிலத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. சத்து மாத்திரைகளில் அப்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். தாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள், மகிழ்ச்சி. ஆனால் இது மருந்தே இல்லையென்றால் அந்த அம்மாள் எதற்கு மாடி ஏறுகிறார்? வடகம் காயப்போடவா?

எறும்பு வரிகளை மேலும் படித்தேன். உள்ளே இருக்கும் குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்ததாம். ஐயா, நான் கடற்கரைக்காரி. நாற்பது வருஷமாக இறால் உரித்து ஓட்டைத் தென்னை மரத்தடியில் கொட்டி வருகிறேன். நான் கொட்டியதைத் தாங்கள் வில்லையாக்கி எனக்கே விற்றுவிட்டீர்கள். கெட்டிக்காரத்தனம்தான். எங்கள் தென்னைக்கு இன்றுவரை மூட்டுவலி வந்ததில்லை. அடுத்த விளம்பரத்துக்கு அதன் போட்டோ வேண்டுமானால் அனுப்புகிறேன்.

உண்மையை மறைக்கக் கூடாது. முதல் மாதம் வலி குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் தங்கள் புகழ் பாடினேன். இரண்டாம் மாதம் தங்கை மகள் கல்யாணம். அலைச்சலிலும் மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. விட்டது, பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்க வேண்டும், அவ்வளவுதான். வலி திரும்பி வந்தது. தங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், “குறைஞ்சது மூணு மாசமாவது எடுத்துக்கணும் மேடம்” என்றது ஒரு தேன் குரல். மூன்றாவது டப்பாவும் வாங்கினேன், பயிற்சியையும் மறுபடி தொடங்கினேன். வலி குறைந்தது. இதில் மாலையை யாருக்குப் போடுவது?

ஒரு கிழவியின் முட்டியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று எட்டாம் வகுப்புக்கே பாடம் நடத்தியவள் நான். அதனால் மருத்துவம் படிக்கும் என் அக்காள் பேத்தியிடம் கேட்டேன். அமெரிக்க அரசுப் பணத்தில் 1,583 பேரின் முழங்கால்களை வைத்து நடத்தி, 2006-இல் வெளியான ஆய்வைக் காட்டினாள். 24 வாரம். நூற்றுக்கு 64 பேருக்குக் குளுக்கோசமைனால் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்ததாம். ஆகா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில்? நூற்றுக்கு 60. அந்த நாலு பேர் வித்தியாசம் கணக்கில் நிற்காதாம். நடுத்தரம் முதல் கடுமை வரை வலி உள்ளவர்களின் சிறு குழுவில் மட்டும், குளுக்கோசமைனோடு காண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. அதையும் உறுதி செய்ய இன்னொரு ஆய்வு வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தங்கள் பிரசுரத்தில் அந்தச் சிறு குழு பளபளக்கிறது. மற்றவர்கள் எங்கே போனார்கள்? மாடிக்கா?

இன்னொன்று. மிஞ்சிய பதினோரு மாத்திரையை வீணாக்க மனமில்லாமல் என் கொழுந்தனாருக்குக் கொடுக்க எடுத்து வைத்தேன். பேத்தி கையைப் பிடித்துத் தடுத்தாள். அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாமாம். அந்தத் தேன் குரல் என்னிடம் எத்தனை டப்பா வேண்டும் என்று கேட்டதே தவிர, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

3,450 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை அச்சடிக்கும்போது எறும்பு வரியை அந்த அம்மாள் அளவுக்கும், அந்த அம்மாளை எறும்பு அளவுக்கும் மாற்றிப் போடுங்கள். என்னைப் போன்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்து அவரைத் தேடிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் வாடிக்கையாளர்

பி.கு.: டப்பா நல்ல உறுதி. மூன்றிலும் கடுகு, வெந்தயம், சீரகம் போட்டு வைத்திருக்கிறேன்.