தாம்பரத்தில் சீனம்: இல்பொருள் ஒன்றைத் தேடிய ஆய்வேடு

இவ்வாய்வின் எல்லை வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், மேற்கே முடிச்சூர், கிழக்கே மேடவாக்கம். இந்நான்கெல்லைக்குள் அசல் சீன உணவகம் ஒன்றேனும் உண்டா, உண்டெனின் எங்கே, இல்லையெனின் என்ன காரணம் என்பன ஆய்வு வினாக்கள். களம் புதியது அன்று. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதை வைத்துக்கொண்டு ஆதிமனிதன் எதை வெட்டினான், எதைத் தின்றான் என்று பேச அறிஞர்கள் இருக்கிறார்கள். அதே பல்லாவரத்தில் நேற்றிரவு விற்ற எக் நூடுல்ஸ் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கேட்டால் ஆளில்லை. அந்தக் குறையை நீக்கவே இம்முயற்சி.

எது அசல் என்பதில் உள்ளூர் அறிஞரிடையே நான்கு கட்சிகள் உள. பலகைக் கட்சியார், பெயர்ப்பலகையில் டிராகன் இருந்தால் அசல் என்பர். டிராகனுக்குக் கீழே 'தந்தூரி, சவுத் இண்டியன் மீல்ஸ்' என்று எழுதியிருப்பதை அவர்கள் இடைச்செருகல் என்று தள்ளிவிடுவர். கல்லாவில் சிரிக்கும் புத்தர் பொம்மை உட்கார்ந்திருப்பதையும் சான்றாகக் காட்டுவர். புத்தருக்குப் பக்கத்தில் முருகனும் இருக்கிறார் என்பதை மறைப்பர். விலைக் கட்சியார், ஏசி போட்டு இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கினால் அசல் என்பர். குச்சிக் கட்சியார் மேசையில் குச்சி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பர், பிறகு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொள்வர்.

நான்காவது முகக் கட்சி. அடுப்படியை எட்டிப் பார்த்து, மாஸ்டரின் கண்ணும் மூக்கும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவு கட்டுவது இவர்கள் முறை. நம் வட்டாரத்துச் சமையற்கூடங்களில் டார்ஜிலிங்காரரும் நேபாளியும் மணிப்பூரியும் வேலை செய்கிறார்கள். இந்த நாட்டில் பிறந்த ஒருவரைப் பார்த்து "நீ சைனாவா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு உணவு ஆராய்ச்சி என்று பெயர் வைப்பது அடாவடி. இக்கட்சியை ஆய்வாளர் மறுத்துரைக்கவும் விரும்பவில்லை, வெளியே அனுப்பிவிட்டார்.

இனி முன்வரலாறு. தமிழர் சீனரை அறியாதவர் அல்லர். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குப் போயின. கடைசிக் குழுவில் 72 பேர். இத்தனை பேர் அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று கல்வெட்டில் ஒரு வரி இல்லை. நிவந்தமாக விட்ட நெய்க்கும் விளக்குக்கும் உழக்கு ஆழாக்கு வரை கணக்கு வெட்டி வைத்தவர்கள், சீனத்துக் குழம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்பதே இவ்வாய்வாளரின் துணிபு. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் கட்டி, 1281இல் தமிழும் சீனமுமாகக் கல்வெட்டும் பொறித்தனர். கோயில் கட்டும் அளவுக்கு அங்கே நிலைத்தவர்கள் அடுப்படிக்குப் புளியும் மிளகும் கொண்டுபோகாமலா இருந்திருப்பார்கள்?

தமிழர் தம் சமையலை விடுவதில்லை என்பதையே அண்மைக்காலச் சான்றும் காட்டுகிறது. 2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னை விமான நிலையத்தில் இறங்கினார். ஜி.எஸ்.டி. சாலையில் வலப்பக்கம் திரும்பியிருந்தால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நம் ஆய்வுக்களம் முழுவதையும் கண்டிருப்பார். அவர் இடப்பக்கம் கிண்டிக்குப் போய்விட்டார். அன்றிரவு மாமல்லபுரத்தில் அவருக்கு வைத்த விருந்தில் அரைத்துவிட்ட சாம்பாரும் தக்காளி ரசமும் கடலைக் குருமாவும் கவுனரிசி அல்வாவும் இருந்தன. ஒரு தட்டு சில்லி சிக்கனை முன்னால் வைத்து "ஐயா, இது உங்களூர்ப் பண்டமா?" என்று கேட்டிருந்தால் இவ்வாய்வேடு தேவைப்பட்டிருக்காது. வெளியுறவுத் துறைக்கு அது தோன்றவில்லை.

சரி, சீனர் சென்னைக்கு வரவே இல்லையா? வந்தார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் பர்மா வழியாக வந்து சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் குடியேறிய சில குடும்பங்களின் தொழில் பல் வைத்தியம். சீனப் பல் டாக்டர் என்றால் பழைய சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே இந்நகரத்தின் கடைவாய்ப்பற்களோடு சீனருக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. உணவு என்னும் வழியாக அன்று.

சமைக்க வந்த சீனரைத் தேட வேண்டுமானால் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். அங்கே டாங்ரா பகுதியில் ஹக்கா இனத்தவர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நடத்தினர். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன. இந்தியச் சீன உணவு என்று இன்று நாம் சொல்வதன் தாய்வீடு அந்நகரந்தான். இவ்விடத்தில் ஆய்வாளர் சற்றே கேலியை நிறுத்துகிறார். 1962 போரின்போது சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்ளி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். விடுபட்ட பிறகு பலர் நாட்டைவிட்டே போனார்கள். அதே நாடு பிறகு தெருவுக்குத் தெரு சைனீஸ் வண்டி போட்டுக்கொண்டது.

டாங்ராவின் தோல் தொழிலிலிருந்து ஒரு கருதுகோள் பிறந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனி. பல்லாவரத்திலும் தோல் பதனிடும் தொழில் உண்டு. அங்கேயும் தோல், இங்கேயும் தோல்; அங்கேயும் ஃப்ரைடு ரைஸ், இங்கேயும் ஃப்ரைடு ரைஸ். எனவே எங்கெல்லாம் தோல் ஊறுகிறதோ அங்கெல்லாம் நூடுல்ஸ் வேகும் என்று ஆய்வாளர் ஒரு விதி வகுத்து அகமகிழ்ந்தார். நெறியாளர் ஒரே கேள்வி கேட்டார்: "அப்போ ஆம்பூர்?" ஆம்பூரில் தோலும் உண்டு, அதைவிடப் புகழோடு பிரியாணி உண்டு. விதி அன்றே இறந்தது.

பண்டங்களைத் தனித்தனியே பகுத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். மஞ்சூரியாவை ஆண்டவர்களின் வழிவந்த சிங் அரசவம்சம் 1644 முதல் சீனத்தையே ஆண்டது. அவர்களில் யாரும் மஞ்சூரியன் தின்றதில்லை. சிக்கன் மஞ்சூரியனை 1975இல் பம்பாயில் கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் உண்டாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அவர் கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளியினர். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் வீட்டுத் தாளிப்பைத் தொடங்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸ் ஊற்றினார், அவ்வளவே. கோழியை எடுத்துவிட்டுக் காலிஃபிளவரைப் போட்டது பிற்கால உரையாசிரியர்களின் வேலை. மாவில் சேரும் மக்காச்சோளமும் மேலே தூவும் மிளகாய்த் தூளும் கெச்சப்புக்குத் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தின் கொடை. அஜினமோட்டோ ஜப்பானுடையது; இகேதா கிகுனாயே 1908இல் கடற்பாசியிலிருந்து அந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். சிங்கப்பூர் நூடுல்ஸுக்கும் சிங்கப்பூருக்கும் ஒட்டில்லை. ஷெஷ்வான் சாஸில் சிச்சுவான் மிளகு கிடையாது. அந்த மிளகு நாக்கை மரத்துப்போக வைக்கும், நம் சாஸ் எரிய வைக்கும். இதற்கிடையே மவுண்ட் ரோடு புகாரியில் 1965இல் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65ஐயும் சைனீஸ் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். கழித்துக் கழித்துப் பார்த்தால் சீனம் என்று மிஞ்சுவது சோயா சாஸ் ஒரு கரண்டி.

ஆனாலும் ஆய்வாளர் தள்ளுவண்டியைத் தள்ளவில்லை. வண்டியைத் தொல்காப்பிய முறையில் அணுகினால் தெளிவு பிறக்கிறது. முதற்பொருள்: நிலம், முடிச்சூர் சாலையோரமும் கேம்ப் ரோடு முனையும், பொழுது, மாலை ஆறில் தொடங்கி யாமம் வரை. கருப்பொருள்: தெய்வம், வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய படம், மா, காலடியில் படுத்திருக்கும் நாய், உணா, நறுக்கிக் குவித்த முட்டைக்கோஸ், பறை, சட்டி விளிம்பில் மாஸ்டர் தட்டும் கரண்டி. உரிப்பொருள்: இருத்தல். பார்சல் வரும்வரை ஆற்றியிருத்தல். மாலையும் இருத்தலும் முல்லைக்குரியவை, யாமமோ குறிஞ்சிக்குரியது. எனவே இதைத் திணைமயக்கம் என்க.

உரிப்பொருளில் நின்றபடியே ஆய்வாளர் தகவலாளியை வினவினார்.

"மாஸ்டர், இது அசல் சைனீஸ்தானா?"

"ஹாஃபா ஃபுல்லா சார்?"

"இல்லை, இந்தச் செய்முறை..."

"முட்டை போடலாமா?"

இதைவிடச் செறிவான நேர்காணலை ஆய்வுலகம் கண்டதில்லை.

செய்முறை என்று பார்த்தால் வண்டிக்காரர் சீனத்துக்கு மிக அருகில் நிற்கிறார். ஃப்ரைடு ரைஸுக்கு உகந்தது முதல்நாள் வடித்து ஆறிய சோறு என்பது சீனச் சமையலின் பாலபாடம். சூட்டோடு போட்டால் குழையும். வண்டியில் இருப்பது மத்தியானமே வடித்து எண்ணெய் தடவி விரித்து ஆறவைத்த சோறு. அடுத்தது தீ. கான்டன் சமையற்காரர்கள் உயிராகப் போற்றுவது சட்டியின் தகிப்பில் சோற்றுக்கு ஏறும் ஒரு புகைமணம். வீட்டு அடுப்பில் அது வராது, தீ போதாது. வண்டியின் ஹை பிரஷர் அடுப்பு உறுமுகிறது, சட்டியைச் சாய்த்ததும் தீ உள்ளேயே எட்டிப் பார்க்கிறது, சோறு ஆளுயரம் பறந்து திரும்பிச் சட்டிக்கே வருகிறது. ஏசி ஓட்டல்களில் இதே பெயரில் வருவது பெரும்பாலும் சோளமாவுக் கூழில் மிதக்கும் குடமிளகாய். பொருள் எல்லாம் அயலூர், கைப்பக்குவம் மட்டும் சீனம். வண்டியைப் பற்றி இவ்வளவு சொல்லலாம்.

பின் ஏன் தாம்பரத்தில் அசல் இல்லை? விடை மின்சார ரயிலின் மறுமுனையில் இருக்கிறது. 1931 முதல் ஓடும் அந்தத் தடத்தில் ஏறிக் கடைசி ஸ்டேஷனான பீச்சில் இறங்கினால் பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர்கள் அங்கே அத்தோ போட்டார்கள். நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அது அசலாக வந்தது. ஏனென்றால் ரங்கூனில் அதைத் தின்று வளர்ந்தவர்களே சுற்றி நின்று தின்றார்கள், தப்பாகச் செய்தால் திட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கார்த் தொழிற்சாலை வந்தது. பின்னாலேயே கிம்ச்சி வந்தது. அதைக் கேட்டு வாங்கவும் குறை சொல்லவும் கொரியர்கள் இருந்தார்கள். சமைக்கிறவர் மட்டும் வந்தால் உணவு ஊரோடு ஒத்துப்போய்விடுகிறது. தின்கிறவரும் கூட வந்தால்தான் பிடிவாதமாக நிற்கிறது. தாம்பரத்துச் சைனீஸைக் குறை சொல்ல ஒரு சீனரும் குடியேறவில்லை. குறை சொல்பவர்கள் சேலையூரும் செம்பாக்கமும். அவர்கள் சொல்லும் குறை ஒன்றே: காரம் பத்தலை.

ஆகவே தீர்ப்பு இது. இந்நான்கெல்லைக்குள் அசல் சீன உணவகம் இல்லை. அசல் தாம்பரத்துச் சைனீஸ் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு மேல், சாலையோரத்தில். ஹக்கா வீட்டுச் சமையல் வேண்டுவோர் கல்கத்தாவுக்கு டிக்கெட் எடுக்கவும். நூடுல்ஸில் அசல் என்ற ஒன்றைப் பார்த்தால் போதும் என்போர் பீச் ரயிலில் ஏறவும். வண்டியிலேயே நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் கலப்பதைக் கண்டு தமிழ்நாடு அதை 2024 பிப்ரவரியில் தடை செய்தது. அடுத்த மாதம் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்துக்குத் தடை போட்டது. சில்லி சிக்கனோ கோபியோ கேட்கும்போது "கலர் வேண்டாம் மாஸ்டர்" என்று மாவு பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணெயில் போட்டபிறகு சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அடுத்தவர் பார்சல் முந்திவிடும்.