ஃப்ளெக்ஸில் நிற்கும் அண்ணன்

தஞ்சாவூரிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் மூன்றாவது நிறுத்தத்துக்குள் அண்ணன் கும்பிட்டபடி நிற்பார், ஃப்ளெக்ஸில். நேரில் பார்ப்பது கொஞ்சம் சிரமம். சட்டைத் துணி அவ்வளவு மெல்லிசாக இருப்பது வெயிலுக்காக அல்ல. பாக்கெட்டில் இருக்கும் தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்காகப் பல வருஷமாகத் தவம்.

"கொள்கையெல்லாம் எவனுக்கு ஞாபகம் இருக்கு தம்பி? முகம் பதியணும்" என்பார். ஆதாரமும் கைவசம் உண்டு. 1967இல் எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் சுவரெல்லாம் ஏறியது, பரங்கிமலையில் ஜெயித்தார். 1984இல் அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். தொகுதிப் பக்கமே வராமல் ஜெயிக்கலாம் என்பது அண்ணன் இதில் கற்ற பாடம். அதை மட்டும் இன்றுவரை விடாமல் கடைப்பிடிக்கிறார். அந்தக் கட்டுக்குப் பின்னால் முப்பது வருஷ சினிமாவும் ஊருக்கு ஊர் மன்றங்களும் இருந்தன என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், டீயைக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஒரு சம்பாவில், நடவுப் பெண்களோடு நின்று படம் எடுக்க வயலில் இறங்கினார். நடவு என்பது பின்னால் நகர்ந்தபடி செய்வது. அண்ணனோ கேமராவைப் பார்த்து முன்னேறினார், நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு. ஐந்நூறு ரூபாய் வாங்காமல் அந்தப் பெண்கள் அவரை வரப்பேற விடவில்லை.

மேட்டூர் திறந்து, கல்லணையில் அமைச்சர்கள் பூவும் நெல்லும் தூவினால், எங்கள் வாய்க்கால் மதகில் அண்ணன் தனியாக ஒரு கூடை தூவுவார். ஒருமுறை தண்ணீர் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே தூவிவிட்டார். பூவெல்லாம் வெங்காயத்தாமரை மேல் கிடந்தது. படம் மட்டும் நன்றாக வந்திருந்தது.

சிவாஜி பேச்சை எடுத்தால்தான் தடுமாறுவார். சூரக்கோட்டையில் வீடும் நிலமுமாக இருந்த, நம் மண்ணின் மனுஷர். அவரைவிடத் தெரிந்த முகம் தமிழ்நாட்டில் எத்தனை? 1989இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற சொந்தக் கட்சியோடு திருவையாற்றில் நின்று, தி.மு.க.வின் துரை சந்திரசேகரனிடம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். கர்ணன் சாகும்போது கொட்டகையில் தேம்பியவர்கள், வாக்குச்சாவடியில் வேறு கணக்குப் போட்டார்கள். எம்.ஜி.ஆர். முகத்துக்குப் பின்னால் கிளைக்கிளையாகக் கட்சி நின்றது. சிவாஜியின் கட்சிக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. வித்தியாசம் அங்கேதான் என்பது என் கட்சி. அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அப்ப ஃப்ளெக்ஸ் கிடையாதுல்ல தம்பி!"

போன தடவை மூன்றாவதாக வந்தார். ஃப்ளெக்ஸ் வீண்போகவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அப்படி நெல் காத்துக் கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிடைக்காதவர்கள் அண்ணனைக் கழற்றிக்கொண்டு போய் நெல்லை மூடினார்கள். விவசாயிகளுக்கு அவர் செய்த ஒரே உபகாரம், அதுவும் அவருக்குத் தெரியாமல்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கும் நிற்கிறாராம். வாசலுக்கு வந்தால் ஆரத்தி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு எப்போது வரும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.