என்னையும் ஒரு கம்பெனியாகப் பாவிக்கக் கோரி

பெறுநர்: பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம், புது தில்லி.
அனுப்புநர்: அடிமனை வாடகைதாரர் ஒருவர், சாரம், புதுச்சேரி.

ஐயா,

அவ்வைத் திடல் பக்கத்துச் சந்தொன்றில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. சொந்தம் என்றால் சுவர், கதவு நிலை, சிமெண்ட் ஷீட், வாசல் முருங்கை வரைக்கும். இவை நிற்கிற மண் வேறொருவருடையது. அதற்கு மாதாமாதம் அடிமனை வாடகை. தள்ளுவண்டி டிபன் கடை படுத்ததிலிருந்து அதைக் கொடுக்க முடியவில்லை. குழுக் கடன், தண்டல், கைமாத்து எல்லாம் தனிக் கணக்கு.

மனைக்காரர் தங்கமான மனுஷன். "உன் வீட்டை நான் கேக்கலையேப்பா. மனையைக் காலி பண்ணிட்டு வீட்டை எடுத்துக்கிட்டுப் போ" என்கிறார். ஷீட்டைக் கழற்றலாம், நிலையைப் பெயர்க்கலாம். குட்டியானைக்காரத் தம்பியைக் கூட்டி வந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தான், கக்கூஸ் தொட்டியை எட்டிப் பார்த்தான். "இதை எப்படிண்ணே ஏத்துறது?" என்று கேட்டுவிட்டு டீக்குக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அப்போதுதான் தங்கள் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தை ஒரு வக்கீல் குமாஸ்தா எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்கப் புல்லரித்தது. கம்பெனி ஒன்று நொடித்து, தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்டால் 14-ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்குமாம். யாரும் வழக்குப் போட முடியாது. கம்பெனியின் அனுபவத்தில் இருக்கிற இடத்தை அதன் சொந்தக்காரரே திரும்பக் கேட்க முடியாது. 180 நாள், இழுத்தால் 330 நாள்.

கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனியின் மனு 2023 மே 10-இல் ஏற்கப்பட்டது. விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை, பாக்கியும் இருந்தது. வாடகைக்கு விட்ட வெளிநாட்டுக்காரர்கள் நடையாய் நடந்தார்கள். 2024 ஏப்ரல் 26-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. சக்கரமும் இறக்கையும் உள்ள சாமானையே ஒரு வருஷம் நகர்த்த முடியவில்லை. கருங்கல் அஸ்திவாரம் போட்ட என் வீட்டை வருகிற மாசம் நகர்த்தியாக வேண்டும். (நடுவில் 2023 அக்டோபரிலேயே விமானக் குத்தகைக்கு அந்தச் சலுகை கிடையாது என்று தாங்கள் அறிவிக்கை போட்டுவிட்டீர்கள். வாடகைக்கு விடுகிறவர் அழுதால் தில்லிக்குக் கேட்கத்தான் செய்கிறது.)

ஏழைகளையும் தாங்கள் மறக்கவில்லை. அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவில் கடனைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வழி இருக்கிறது. வருஷ வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொத்து 20,000-ஐ, கடன் 35,000-ஐத் தாண்டக் கூடாது. கூடவே, சொந்த வீடு இருக்கவே கூடாது. வீட்டைக் காப்பாற்றத் திவாலாகலாம் என்று வந்தவனிடம், முதலில் வீட்டைத் தொலைத்துவிட்டு வா என்கிறீர்கள். தொலைத்தாலும் பயனில்லை, அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களை மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் உள்ளே விட்டீர்கள். சாமானியனுக்கு வைத்திருப்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 500 ரூபாய் கடன் இருந்தாலே திவால் மனுப் போடலாம். அன்றைக்கு 500 ரூபாய்க்கு இந்த மனையையே விலை பேசியிருக்கலாம்.

எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் 1807-ஆம் ஆண்டு வணிகச் சட்டமும் திவாலாகிற பாக்கியத்தை வியாபாரிகளுக்கு மட்டும்தான் வைத்திருந்தது. ஆகவே எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை.

எனவே என்னைக் கம்பெனியாகப் பாவித்து உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நொடித்த கம்பெனியை நடத்தத் தீர்வு நிபுணர் ஒருவரை நியமிப்பீர்களாமே, அவரை உடனே அனுப்பவும். சாவியைக் கொடுத்துவிடுகிறேன். காலையில் தண்ணீர் பிடிப்பது, தண்டல்காரர் வந்தால் ஆள் இல்லை என்பது, மனைக்காரருக்கு வாசலில் பதில் சொல்வது எல்லாம் இனி அவர் பொறுப்பு.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர் (பொறுப்பு)

பி.கு.: பெயர்ப் பலகை எழுத பெயிண்டரிடம் சொல்லியாயிற்று. முன்பணம் கேட்கிறார். அவரையும் கடன் கொடுத்தோர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும்.