22 இஞ்ச் கௌரவம்

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே ராத்திரியில் படுக்கப் போட்டதிலிருந்து, எங்கள் பக்கம் மரம் அறுக்கும் மிஷினுக்குத் தனி மரியாதை. டிராக்டர் வாங்க வசதியில்லாதவர்கள் இதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

என் மச்சான் வாங்கியது 58 சிசி மிஷின், செயின் ஓடும் பார் 22 இஞ்ச். எதற்காம்? வெந்நீர் அடுப்புக்கு விறகு அறுக்க. அந்த அடுப்பில் எரிவதெல்லாம் சீமைக்கருவேலம். கை பருமன், மிஞ்சிப்போனால் தொடை பருமன். "என்னிக்காவது பெரிய மரம் வந்துச்சுன்னா என்ன மாப்ள பண்ணுவீங்க?" என்பார். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் செய்த மின்சார ரம்பம் 64 கிலோ எடை, பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அது இன்று விற்பனைக்கு வந்தால் முதல் அட்வான்ஸ் மச்சானுடையதாகத்தான் இருக்கும்.

விறகு அறுப்பவருக்குப் பார் நீளக் கணக்கு சுலபம். வழக்கமாக வரும் கட்டையின் பருமனோடு 2 இஞ்ச் கூட்டினால் போதும். மிஷின் முகப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம்தான் கணக்கு. உள்ளே போய்விடும் பகுதியையும் சேர்த்து டேப் பிடித்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. ஒரு அடி பருமனுக்கு 14 போதும், 16 தாராளம். அதைவிடத் தடித்த கட்டை வந்தால் ஒரு பக்கம் பாதி அறுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுக்கலாம். இதைச் சொன்னபோது, ஏதோ தன் மீசையைப் பாதி எடுக்கச் சொன்ன மாதிரி பார்த்தார்.

நீள பாரின் அருமை விறகுக் குவியலில்தான் தெரியும். முன்னால் இருக்கும் கட்டையை மச்சான் அறுப்பார். பார் அதைத் தாண்டிப் போய், பின்னால் சிவனே என்று கிடக்கும் இன்னொரு கட்டையை நோண்டும். நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் சட்டென்று முகத்தை நோக்கி எகிறும். இது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த நேரம் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். நுனி கீழே போனாலோ மண். எங்கள் மணலில் ஒரு தடவை பட்டால் போதும், செயின் மழுங்கிவிடும். கூர் இருக்கிறவரை மரம் சீவல் சீவலாக விழும். மழுங்கினால் மாவு மாவாக உதிரும். அப்புறம் 4.8 மில்லி உருட்டு அரத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டியதுதான். அந்த 22 இஞ்ச் செயினில் 43 பல். ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு, அதுவும் ஒரே திசையில், ஒரே சாய்வில். பாதிப் பல் வலம் பார்க்கும், பாதி இடம் பார்க்கும். ஒரு பக்கம் அதிகமாகத் தீட்டிவிட்டால் வெட்டு கோணிக்கொண்டு போகும். மச்சானின் வெட்டெல்லாம் கோணல்தான், குறை மரத்தின் மேல்.

"ஏண்டா, தண்ணி காயுமா காயாதா?" என்று அத்தை கேட்பார். பதில் வருவதற்குள் அரிவாளால் நாலு சுள்ளி தட்டி, தவலைக்கு அடியில் செருகியிருப்பார். அவருக்குப் பெட்ரோலும் வேண்டாம், டூடி ஆயிலும் வேண்டாம்.

கடைசியில் மச்சானே கடைக்கு வரச் சம்மதித்தார். அந்த மிஷினுக்குப் பொருந்தும் 18 இஞ்ச் பாரும் 72 கண்ணிச் செயினும் கேட்டோம். பழைய செயினைக் கொண்டுபோனது நல்லதாயிற்று. நீளம் மட்டும் பார்த்து வாங்கினால் கண்ணி பல்சக்கரத்தில் உட்காராது. உட்கார்ந்தாலும் பாரின் காடியில் ஆடும். 36 பல், தீட்டும் வேலை மிச்சம் என்றேன். தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் புது பாரைத் தானே மாட்டினார். 22 இஞ்ச் பாரைத் துடைத்து, எண்ணெய் தடவி, கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். யாராவது வந்து கேட்டால், "அது பெரிய மரத்துக்கு" என்கிறார்.